சதுரங்கத்தில் சிறுபான்மைத் தாக்குதலுக்கு (ராணிப் பக்கத்தில் குறைவான சிப்பாய்களை முன்தள்ளி, எதிரியின் அதிகச் சிப்பாய்களை உடைக்கும் திட்டம்) எதிரே கறுப்புக் குதிரை எங்கே நிற்க வேண்டும்?

ஆறு மாதமாக ஒரே நிலையில் தோற்றுக்கொண்டிருக்கிறேன். ராணி காம்பிட்டை (வெள்ளை சி4 சிப்பாயைப் பலியாக நீட்டும் தொடக்கம்) மறுத்துக் கறுப்பில் ஆடுகிறேன். வெள்ளை டி5 கட்டத்தில் சிப்பாயை வெட்டி, யானையை பி1-க்குக் கொண்டுவந்து, பி4, பி5 என்று சிப்பாயைத் தள்ளுகிறார். அது சி6-ஐ வெட்டியதும் பி7 சிப்பாயால் எடுக்கிறேன். அதன்பின் சி6 சிப்பாய்க்குத் துணையில்லை. சி வரிசை முழுவதும் வெள்ளைக் காய்கள் அதையே குறிவைக்கின்றன.

ஏ6 ஆடினேன், ஏ4 வந்தது, தாக்குதல் தள்ளிப்போனதே தவிர நிற்கவில்லை. வெள்ளையின் பி5-க்குப் பதிலடியாகச் சி5 ஆடினால் டி5 சிப்பாய் தனித்துவிடுகிறது. யானையை ஈ6 வழியாக எச்6-க்குக் கொண்டுபோய் ராஜாவைத் தாக்கி இரண்டு முறை வென்றேன். காய்கள் மாறிவிட்டால் அந்த வேகம் அடங்கிவிடுகிறது. 1948 உலக சாம்பியன் போட்டியில் ஸ்மிஸ்லோவ் கெரெஸை வென்ற ஆட்டத்தைப் பலகையில் வைத்துப் பார்த்தேன். வெள்ளையின் திட்டம் அத்தனை அழகாகப் புரிந்தது. தற்காப்புதான் பிடிபடவில்லை.

நானே பி5 ஆடி வெள்ளையின் பி சிப்பாயை அடைத்து, குதிரையைச் சி4-இல் நிறுத்துவதே நல்ல வழி என்று தோன்றுகிறது. ஆனால் அதற்குள் என் குதிரை வழக்கம்போல் எஃப்8-க்குப் போயிருக்கும். திரும்பிவர மூன்று நகர்த்தல்கள்.

வெள்ளை யானை பி1-க்கு வந்தவுடனே, டி7 குதிரையை எஃப்8-க்கு அனுப்பாமல் பி6 வழியாகச் சி4-க்குக் கொண்டுபோவது சரியா?