இரண்டு ஊசியையும் சேர்த்துப் போடலாமா?

சுதா அத்தை: நித்யா, மருமகளே, நீ பார்மசி படித்தவள் என்பதால் கேட்கிறேன். எடை குறைக்கப் போடும் செமாக்ளூடைட் ஊசி எனக்கு மூன்றாவது மாதம் ஓடுகிறது. என் தோழி டிர்செபடைட் என்ற ஊசி போடுகிறாள், எடை மளமளவென்று இறங்குகிறதாம். நானும் அதைச் சேர்த்துப் போட்டுக்கொள்ளட்டுமா?

நித்யா: ஐயோ அத்தை, வேண்டவே வேண்டாம்!

முரளி: ஏன் அக்கா? இரட்டை மருந்துக்குத்தானே பலன் அதிகம் என்கிறார்கள்?

நித்யா: அங்கேதான் குழப்பம். செமாக்ளூடைட், சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 ஹார்மோன் மாதிரி வேலை செய்யும். பசி மட்டுப்படும், வயிறு மெதுவாகக் காலியாகும். டிர்செபடைட்டும் ஒரே மருந்துதான், ஆனால் ஜிஎல்பி-1, ஜிஐபி என்ற இன்னொரு குடல் ஹார்மோன், இரண்டின் வேலையையும் பார்க்கும். இரண்டு ஊசியும் போட்டால் ஜிஎல்பி-1 வேலை ஒன்றின் மேல் ஒன்றாகச் சேரும். அப்புறம் வாந்திதான்.

பெரியப்பா: ஒரே சாவி, இரண்டு பூட்டு 🔑

நித்யா: அதேதான் பெரியப்பா!

முரளி: அப்போ நிஜமாகவே இரண்டு மருந்து கலந்தது?

நித்யா: காக்ரிசெமா. செமாக்ளூடைட்டோடு காக்ரிலின்டைட். அது அமிலின் என்ற வேறு ஹார்மோன் வழியாகப் பசியைக் குறைக்கிறது. 2025-ல் வெளியான ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 20.4% எடை குறைந்தது. செமாக்ளூடைட் மட்டும் போட்டவர்களுக்கு 14.9%.

சுதா அத்தை: என் தோழியின் ஊசிக்கு?

நித்யா: அதையும் உங்களுடையதையும் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். 72 வாரத்தில் அதற்கு 20.2%, உங்களுடையதற்கு 13.7%.

சுதா அத்தை: பார்த்தாயா!

நித்யா: அவசரப்படாதீர்கள் 😄 அது சராசரி, அதுவும் தங்களால் தாங்க முடிந்த அதிகபட்ச டோஸ் வரை ஏறியவர்களுடையது. இப்போது உங்கள் டோஸ் என்ன?

சுதா அத்தை: வாரம் 1 மில்லிகிராம்.

நித்யா: 2.4 வரை ஏற்றலாம். பாதிகூட வரவில்லையே!

பெரியப்பா: எனக்கு மாரடைப்பு வந்ததால் டாக்டர் செமாக்ளூடைட்டே போதும் என்றார்.

நித்யா: ஆமாம், ஏற்கெனவே இதய நோய் உள்ள, எடை கூடியவர்களிடம் அது மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றின் ஆபத்தை 20% குறைத்திருக்கிறது.

முரளி: நிறுத்திவிட்டால்?

நித்யா: செமாக்ளூடைட்டை நிறுத்தியவர்களுக்கு ஒரு வருடத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. அத்தை, மாற்ற வேண்டுமென்றால் டாக்டர் இதை நிறுத்திவிட்டு அதைத் தொடங்குவார். கூடவே அல்ல.

சுதா அத்தை: சரி சரி. அவளுடைய ஊசிப் பேனாவைக் கடன் கேட்டிருந்தேன். வேண்டாமென்று சொல்லிவிடுகிறேன்.

நித்யா: பேனாவைக் கடனா?! ஊசி முனையை மாற்றினாலும் ஒருவர் பேனாவை இன்னொருவர் போடவே கூடாது, தொற்று வரும்!

பெரியப்பா: சுதா, சின்ன வயதில் என் பேனாவைத் தூக்கிக்கொண்டு போவாயே, அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

சுதா அத்தை: அண்ணா 🙄