தண்ணி இருந்தும் ரிலே விழுது: & == எழுதுனதுல என்ன கோளாறு?

பீளமேடு_பேனல்:
போர்வெல் மோட்டாருக்கு ட்ரை ரன் பேனல் (தண்ணி இல்லாட்டி மோட்டாரை நிறுத்தறது) பண்றமுங்க. ஏவிஆர் மைக்ரோகண்ட்ரோலர் சிப், சி மொழி, ஜிசிசி கம்பைலர். நிலை-ங்கிற பைட்ல, மூணு ஃபேஸும் இருந்தா பிட் 0 (மதிப்பு 1) ஆன். தண்ணி இல்லீன்னா பிட் 2 (மதிப்பு 4) ஆன்.

இஃப் (நிலை & 4 == 4) ரிலே = 0;

போர்ல தண்ணி நிக்குது, ஆனாலும் ஃபேஸ் மூணும் வந்ததுமே ரிலே விழுந்து மோட்டார் நின்னுருது. ஏடிசி (வோல்டேஜை எண்ணா மாத்தித் தர்றது) வெச்சுப் போடற மில்லிவோல்ட் கணக்கும் உதைக்குது:

லாங் மிவோ = ஏடிசி * 5000 / 1023;

ஏடிசி 6-ன்னா 29 வருது, 7-ன்னா -29! லாங் போட்டும் ஏனுங்க இப்படி?

கணபதி_கோடர்:
சி-யில & -ஐ (பிட் பிட்டா ஒப்பிடறது) விட == க்குத்தான் (சமமான்னு பாக்கறது) முன்னுரிமை. முதல்ல 4 == 4 போடும், விடை 1. மிச்சம் நிக்கறது நிலை & 1. அதாவது நீங்க பாக்கறது பிட் 2 இல்லீங்க, ஃபேஸ் பிட். அதான் கரெண்ட் வந்ததும் விழுது. இஃப் ((நிலை & 4) == 4) னு அடைப்பு போடுங்க.

இந்த வரிசை பழைய வினை. ஆரம்பத்துல && (ரெண்டு நிபந்தனையும் உண்மையான்னு பாக்கறது) கிடையாது, அந்த வேலையையும் & தான் பாத்துது. && பின்னாடி வந்தப்ப, ஏற்கெனவே எழுதுன கோடு கெட்டுருமேன்னு சி-யை உருவாக்குன டென்னிஸ் ரிட்சி & -ஐ இருந்த இடத்துலயே விட்டுட்டார். 'வால்' ஆப்ஷன் போட்டு கம்பைல் பண்ணுனா ஜிசிசியே அடைப்பு போடச் சொல்லி எச்சரிக்கும். அதை அணைச்சு வெச்சுட்டு வேலை பாக்கறது வம்பு.

சூலூர்_சிப்:
ரெண்டாவதுக்கு: இடப்பக்கம் லாங் இருக்கறதைக் கணக்கு போடறப்ப சி பாக்காதுங்க. ஏடிசி இன்ட் (லாங்கை விடச் சின்ன முழு எண் வகை), 5000-மும் இன்ட், அதனால பெருக்கலும் இன்ட்லதான். ஏவிஆர்-ல இன்ட் 16 பிட், உச்சம் 32767. 6 × 5000 = 30000, தாங்கும். 7 × 5000 = 35000, வழிஞ்சு -30536 ஆகி, 1023-ல வகுத்தா -29. இப்படி வழிஞ்சா இன்னதுதான் வரணும்னு சி-யில விதியே இல்ல; ஆப்டிமைசேஷன் மாத்துனா வேற எண்ணும் வரலாம். 5000-க்குப் பின்னால எல் எழுத்தை ஒட்டி வெச்சாப் போதும், பெருக்கலே 32 பிட்ல நடக்கும். வழியக்கூடாதுன்னு 5000 / 1023-ஐ முன்னாடி போட்றாதீங்க: அது வெறும் 4, முழு அளவுக்கு 5000 வர வேண்டிய இடத்துல 4092-தான் வரும்.

பீளமேடு_பேனல்:
ரெண்டும் சரியாயிருச்சுங்க. தண்ணி இருக்குதான்னு பாக்க !நிலை & 4 போட்டா நடக்குமுங்களா?

கணபதி_கோடர்:
நடக்காதுங்க. ! (இல்லைன்னு மாத்தறது) முந்திக்கும்; !நிலை எப்பவும் 0 இல்லாட்டி 1, அதை 4-ஓட & பண்ணுனா எந்நேரமும் 0. !(நிலை & 4) னு எழுதுங்க.