நான்-ஸ்ட்ரைக்கர் முன்கூட்டியே கிளம்பினால் என்ன தண்டனை நியாயம்?

கேள்வி – லீக்_கமிட்டி
எங்க 20 ஓவர் லீகுக்கு விதிமுறை எழுதிட்டு இருக்கோம். பவுலர் கையை விட்டுப் பந்து போகும் முன்னாடியே நான்-ஸ்ட்ரைக்கர் (பவுலர் முனையில நிக்கிற பேட்டர்) கிரீஸ் கோட்டை விட்டு ரெண்டு மூணு அடி போயிடறாங்க. ஒரு தடவை எச்சரிக்கை, 5 ரன் பெனால்டி, அந்தப் பந்துல ஓடின ரன் செல்லாது – இந்த மூணுல எது சரி? டிவி அம்பயர் கிடையாது.

பதில் – ஸ்கொயர்_லெக்
எச்சரிக்கையைச் சேர்க்காதீர்கள். முன்கூட்டியே கிளம்புபவரை, பந்தைப் போடாமலே ஸ்டம்பு மேல் உள்ள பெயில்ஸைத் தட்டி பவுலர் ரன் அவுட் ஆக்கலாம்; அதற்கு முன் எச்சரிக்க வேண்டும் என்று விதி கேட்கவே இல்லை. எழுதி வைத்தால் ஒவ்வொரு பேட்டருக்கும் ஒரு முறை இலவசமாகக் கிளம்ப அனுமதி கொடுத்தது மாதிரி ஆகிவிடும். 2022 அக்டோபரில், கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்.சி.சி. கிளப் இந்த ரன் அவுட்டை 'நேர்மையற்ற ஆட்டம்' பகுதியிலிருந்து எடுத்து 38-வது விதியில், சாதாரண ரன் அவுட்டோடு வைத்துவிட்டது. இனியும் பவுலரைக் குற்றவாளி மாதிரி பார்ப்பது அநியாயம்.

அம்பயர்களுக்கு நேரக்கணக்கைச் சொல்லிக்கொடுங்கள். பவுலர் ஓட ஆரம்பித்ததிலிருந்து, வழக்கமாகப் பந்தை விடும் நொடி வரைதான் பெயில்ஸைத் தட்டலாம். கை உச்சிக்குப் போன பிறகு தட்டினால் நாட் அவுட். 2023 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பிக் பாஷ் டி20 லீகில் சுழற்பந்து வீச்சாளர் ஆடம் ஸாம்பா தட்டியும் விக்கெட் கிடைக்காமல் போனது இதனால்தான். கை செங்குத்தைத் தாண்டியிருந்தது. தட்டப் பார்த்துத் தவறினால் டெட் பால் (ஆட்டம் அதோடு நிற்கும்), அந்தப் பந்து ஓவர் கணக்கில் சேராது.

பதில் – கவர்_டிரைவ்
மேலே சொன்னது பவுலர் கவனிச்சாத்தான் உதவும். கவனிக்காம பந்தைப் போட்டுட்டா? ரெண்டு கிரீஸுக்கும் நடுவுல 17.68 மீட்டர். ஒரு மீட்டர் முன்னாடி கிளம்பினவன் அவ்வளவு தூரம் ஓடாமலே ரன் எடுக்கிறான். பவுலரோட கால் ஒரு இஞ்ச் தாண்டினா நோ-பால், ஃப்ரீ ஹிட். இவனுக்கு ஒண்ணுமில்ல. என்னைக் கேட்டா ஓடின ரன்னை ரத்து பண்றதுதான் அளவான தண்டனை: பவுண்டரி நிற்கும், விக்கெட் விழுந்தா அதுவும் நிற்கும். 5 ரன் அதிகம். வேணும்னே ஷார்ட் ரன் (கோட்டைத் தொடாமலே திரும்பி) ஓடுறவங்களுக்கு உள்ள தண்டனை அது; அரை அடி தவறினவனுக்குப் போடக்கூடாது.

பதில் – ஸ்கொயர்_லெக்
கேமரா இருந்தால் ஒத்துக்கொள்கிறேன். முன்கால் நோ-பாலைப் பார்க்கும் டிவி அம்பயரே இதையும் பார்க்கலாம். இவர்களிடம் கேமரா இல்லையே. பவுலர் முனை அம்பயரின் கண் முன்காலில் இருக்கும், உடனே பந்தோடு போய்விடும். நான்-ஸ்ட்ரைக்கர் நிற்பது ஸ்டம்புக்கு மறுபக்கம். ஸ்கொயர் லெக் அம்பயருக்கோ அந்தக் கோடு சாய்வாகத்தான் தெரியும். ஊகத்தில் ரன்னை வெட்டினால் மைதானத்தில் சண்டைதான்.

லீக்_கமிட்டி
அப்போ ரன் அவுட் மட்டும் வச்சுக்கறோம். பேட்டர்களுக்கு என்ன சொல்லலாம்?

பதில் – கவர்_டிரைவ்
பவுலரைப் பார்த்து நிற்கச் சொல்லுங்க. பின்பக்கம் இருக்கிற கையில பேட்டைப் பிடிச்சு, முனையைக் கோட்டுக்கு உள்ளே ஊன்றி வைக்கணும். கோட்டு மேலேயே இருந்தா அவுட், கண்டிப்பா உள்ளே இருக்கணும். பந்து கையை விட்டதைக் கண்ணால பார்த்த பிறகுதான் பேட் நகரணும். பவுலரோட பின்கால் ஊன்றினதும் கிளம்புற பழக்கம்தான் எல்லாரையும் மாட்டி விடுது.