விரலைப் பக்கத்துக்கு நடுவில் வைத்துக்கொண்டு படித்த புத்தகங்கள்: மும்பையில் இப்போது எங்கே கிடைக்கும்?

செம்பூர்வாசி:
"கதவைத் திறந்தால் 37ஆம் பக்கம், திரும்பி ஓடினால் 52ஆம் பக்கம்" என்று நம்மையே கதாநாயகன் ஆக்குமே, 'சூஸ் யுவர் ஓன் அட்வென்ச்சர்', அதைத்தான் சொல்கிறேன். எங்கள் காலனியில் ஒருவர் மாடிப்படிக்கு அடியில் வாடகை நூலகம் வைத்திருந்தார். எனக்கு முன்னால் படித்த யாரோ பென்சிலால் ஓரத்தில் எழுதி வைத்திருப்பான்: "இங்க போகாத, பாம்பு". போகாமல் இருக்க முடியுமா? 37இல் ஒரு விரல், 52இல் ஒரு விரல், செத்தால் திரும்பி வர கட்டை விரல் வேறு.

மகளுக்கு ஒன்பது வயது. டேப்லெட்டில் இதே மாதிரி ஒரு கதை விளையாட்டு போட்டுக் கொடுத்தேன். ஒருமுறை தொட்டால் தொட்டதுதான், பின்னால் போக விடவில்லை. விரல் வைக்க இடமில்லாமல் என்ன கதை? காகிதப் புத்தகம்தான் வேண்டும்.

மாட்டுங்கா மாமா:
கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடைகளில் தேடுங்கள் தம்பி, ஃப்ளோரா ஃபவுண்டன் பக்கமும். பகடை உருட்டும் 'ஃபைட்டிங் ஃபேன்டஸி' கிடைத்தால் விடாதீர்கள். 1982இல் பஃபின் பதிப்பகம் போட்ட முதல் புத்தகத்தில் எண் போட்ட 400 பத்திகள். பகடையில் விழுந்ததோடு 6 கூட்டினால் உங்கள் திறமை மதிப்பெண். அப்புறம் ஒவ்வொரு பூதத்தோடும் பகடைச் சண்டை. வாங்கும்போது நடுவில் தாள் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தாள் போனால் நாலைந்து வழி அடைபட்டுவிடும். முன்பக்க மதிப்பெண் கட்டத்தில் பேனாவால் எழுதியிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

தாராவி ராணி:
பகடை தேடவே வேண்டாம் என்றால் 'லோன் வுல்ஃப்'. கடைசியில் எண் அட்டவணை இருக்கும், கண்ணை மூடிப் பென்சிலை வைத்தால் விழும் எண்தான் உங்கள் விதி. (கண்ணை முழுசாக மூடியவர் யாரும் உண்டா?) எழுதிய ஜோ டெவரே இணையத்தில் இலவசமாகப் படிக்க அனுமதி தந்தார். 'ப்ராஜெக்ட் ஏயான்' என்று தேடுங்கள்.

முலுண்ட் மணி:
விரல் வைப்பது திருட்டாட்டம். செத்தால் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதுதான் விதி.

செம்பூர்வாசி:
மணி சார், நான் சொன்ன 'சூஸ் யுவர் ஓன் அட்வென்ச்சர்' வரிசையில் 1982இல் எட்வர்ட் பேக்கர்ட் எழுதிய 'இன்சைட் யூஎஃப்ஓ 54-40' படித்ததுண்டா? அதில் ஒரு சொர்க்க கிரகம் வரும். எந்தத் தேர்வும் உங்களை அங்கே கொண்டுபோகாது. விதியை மீறி, சும்மா பக்கத்தைப் புரட்டுகிறவனுக்குத்தான் அது கிடைக்கும். எழுதியவரே நம்ம கட்சி.

மாமா, ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டி வரலாம் என்று பார்க்கிறேன். இந்த மழையில் கடை போடுவார்களா?

மாட்டுங்கா மாமா:
தார்ப்பாய் கட்டிப் போடுவார்கள். ஆனால் அடியில் இருக்கும் புத்தகத்தை முகர்ந்து பார்த்து வாங்குங்கள்.