இணையத்தில் கிடைக்கும் ஓவிய, புகைப்படப் பாடங்கள்: நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் எப்படித் திருத்துவது?

செந்தூல், தமிழ்ப்பள்ளி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். காட்சிக் கலைக்கல்விக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது ஏராளம். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை வேறு வெயிலில், வேறு வகுப்பறையில் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. எந்தத் தளம் எந்த வேலைக்கு உதவும், கோலாலம்பூரிலும் பினாங்கிலும் எதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அனுபவத்தில் தெரிந்ததை இந்த இழையில் போடுங்கள். வெறும் இணைப்பு வேண்டாம். அளவு, நேரம், எந்த இடத்தில் கெடும் என்பதெல்லாம் வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸ், இடைநிலைப்பள்ளி ஓவிய ஆசிரியர்

முதலில் படம். கூகுளில் தேடி, கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டால் நிறம் நம்பிக்கைக்குரியதாக இருக்காது. ஒரே வான்கோ ஓவியம் ஒரு தளத்தில் மஞ்சளடித்திருக்கும், இன்னொன்றில் நீலம் ஏறியிருக்கும், மூன்றாவதில் ஓரம் வெட்டுப்பட்டிருக்கும். ஓவியம் எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறதோ அதன் தளத்துக்கே போங்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் (சுருக்கமாக மெட்) 2017இல், சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிடியூட் 2018இல், கிளீவ்லாந்து அருங்காட்சியகம் 2019இல், ஸ்மித்சோனியன் 2020இல், காப்புரிமை முடிந்த படைப்புகளின் படங்களை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டன. தேடும்போது 'ஓப்பன் ஆக்சஸ்' அல்லது 'பப்ளிக் டொமைன்' கட்டத்தைத் தட்டிவிட்டால் அவை மட்டும் வரும். விக்கிமீடியா காமன்ஸில் எடுப்பதாக இருந்தால் திரையில் தெரியும் சின்னப் படத்தைச் சேமிக்காதீர்கள். 'ஒரிஜினல் ஃபைல்' என்பதைத் திறந்து இறக்குங்கள்.

கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர் பெரிதாக்கிப் பார்ப்பதற்கு மிக நல்லது. தூரிகைத் தடம்கூடத் தெரியும். ஆனால் வகுப்பு நேரத்தில் இணையம் இழுத்தால் படம் மங்கலாகவே நிற்கும். முதல் நாளே கோப்பை இறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொள்வது நல்லது.

புரொஜெக்டருக்கு 1920 பிக்சல் அகலம் போதும், அதற்கு மேல் போனாலும் திரையில் வித்தியாசம் தெரியாது. புரொஜெக்டர் 'டைனமிக்' நிலையில் இருந்தால் பச்சை தூக்கலாக வரும். 'சினிமா' நிலைக்கு மாற்றினால் வெளிச்சம் குறையும், நிறம் சரியாகும். சன்னலை மூட வழியில்லாத வகுப்பறையில் ரெம்பிராண்ட் போன்ற இருண்ட ஓவியங்கள் திரையில் வெறும் சாம்பலாகத்தான் தெரியும். அவற்றை அச்செடுத்துக் கையில் கொடுப்பதே சரி.

திரையில் பார்த்துப் பழகிய பிள்ளைகள் எல்லா ஓவியமும் ஒரே அளவு என்று நினைத்துவிடுகிறார்கள். இதற்கு மிக எளிய வழி இருக்கிறது. ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் பேரலை அச்சு மெட் தொகுப்பில் 25.7 க்கு 37.9 செ.மீ. தான். ஏ3 தாள் 29.7 க்கு 42. ஆக, அசல் அளவிலேயே அச்செடுக்கலாம். கோப்பின் அகலம் 3000 பிக்சல் இருந்தால் அங்குலத்துக்கு 200 புள்ளி கிடைக்கும், அது போதும். அச்சுக்கடையில் 'ஃபிட் டு பேஜ்' வைத்துவிட்டால் படம் தாள் அளவுக்கு விரிந்துவிடும். 'ஆக்சுவல் சைஸ்' என்று சொல்லி, அச்சான பிறகு அடிக்கோல் வைத்து அளந்து வாங்குங்கள். அதன் பிறகு மண்டபத் தரையில் மாஸ்கிங் டேப்பால் 379.5 க்கு 453.5 செ.மீ. செவ்வகம் ஒட்டுங்கள். ஏறக்குறைய 17 மீட்டர் டேப் ஆகும். இதுதான் ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் ரெம்பிராண்டின் 'நைட் வாட்ச்'. வகுப்பு முழுவதையும் அதற்குள் நிற்க வைத்து, பேரலையை மூலையில் வையுங்கள். அளவு ஏன் முக்கியம் என்று தனியாக விளக்கவே வேண்டியதில்லை.

பட்டர்வொர்த், திருமணப் புகைப்படக்காரர், வார இறுதியில் பயிற்சி வகுப்பு

ஐயா சொன்னது படத்துக்கு. வெளிச்சத்தைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் இணையப் பாடங்கள் நம்மை அதிகம் குழப்புவது அங்கேதான்.

சூரியன் தாழ்ந்திருக்கும்போது கிடைக்கும் பொன்னிற வெளிச்சத்துக்கு 'கோல்டன் அவர்' என்று ஒரு மணி நேரம் கணக்குப் போடாதீர்கள். நம் பக்கம் சூரியன் கிட்டத்தட்ட நேராகக் கீழே இறங்கும். அடிவானத்திலிருந்து 6 டிகிரி உயரத்தில் இருக்கும் சூரியன் மறைய 25 நிமிடம் போல ஆகும், அவ்வளவுதான். ஆண்டு முழுக்க சூரிய அஸ்தமனம் ஏறக்குறைய மாலை 7க்கும் 7.40க்கும் இடையில். அரை மணி முன்னதாக இடத்தில் நிற்க வேண்டும்.

உச்சிவேளை 12 மணி இல்லை. நம் கடிகாரம் முன்னால் ஓடுவதால் சூரியன் உச்சிக்கு வருவது மதியம் 1 முதல் 1.30 மணிக்குள். அந்த நேரத்தில் முகம் எடுத்தால் கண்குழி இரண்டும் கறுத்துவிடும்.

ஓவியம் வரைய 'வடக்குச் சன்னல் வெளிச்சம் நிலையானது' என்று ஐரோப்பியப் பாடங்கள் எல்லாவற்றிலும் இருக்கும். அங்கே அது உண்மை. இங்கே ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் தொடக்கம் வரை சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது, வடக்குச் சன்னலில் நேர்வெயிலே அடிக்கும். அசையாப் பொருள் வரையும் வகுப்பில் நிழல் அரை மணிக்குள் நகர்ந்துவிடும். அந்த மாதங்களில் தெற்குச் சன்னலுக்கு மாறுங்கள், அல்லது சன்னலில் மெல்லிய வெள்ளைத் துணி கட்டுங்கள்.

முகப்படம் கற்றுக்கொடுக்க நம்மிடம் இருக்கும் மிகச் சிறந்த ஸ்டூடியோ கடைவீட்டு அஞ்சடிதான், அதாவது கடை முன்னால் கூரை போட்ட நடைபாதை. பிள்ளையை அஞ்சடி ஓரத்திலிருந்து ஒரு மீட்டர் உள்ளே, முகம் சாலையைப் பார்க்க நிறுத்துங்கள். மேலிருந்து விழும் வெயிலைக் கூரை தடுக்கிறது, சாலையிலிருந்து திரும்பும் வெளிச்சம் முகத்தில் மென்மையாக விழுகிறது. இன்னொரு மீட்டர் உள்ளே போகச் சொல்லி மறுபடி எடுங்கள். பின்னணி கறுக்கும், கண்ணில் வெளிச்சப் புள்ளி சிறுக்கும். எதிர்க்கட்டடம் பச்சை வண்ணமென்றால் அந்தப் பச்சை கன்னத்தில் படும். பிள்ளைகள் அதைத் தாங்களே கண்டுபிடிக்கட்டும்.

குழல்விளக்கில் படத்தின் குறுக்கே பட்டை விழுகிறதா? அமெரிக்கப் பாடங்களில் ஷட்டர் 1/60 என்று இருக்கும். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். நமக்கு 50. விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. 1/50 அல்லது 1/100 வைத்தால் பட்டை போய்விடும்.

திறன்பேசியில் இரண்டு விஷயம். அநேகமாக எல்லா மாடல்களிலும் லென்ஸின் துவாரம் (அப்பர்ச்சர்) மாறாது. ஆகவே துவாரப் பாடத்துக்கு உலாவியில் இயங்கும் கேமரா சிமுலேட்டர் ஒன்றைத் திறந்து காட்டுங்கள். 'போர்ட்ரெய்ட் மோட்' தரும் பின்னணி மங்கல் கணினி கணக்குப் போட்டு வரைவது. கொண்டையில் வைத்த மல்லிகைச் சரத்தின் ஓரத்தைப் பெரிதாக்கினால் பூ பாதி கரைந்திருப்பது தெரியும். அதைக் காட்டிவிட்டே லென்ஸ் தரும் உண்மையான மங்கலுக்குப் போகலாம். மற்றொன்று: பிள்ளைகள் வீட்டுப்பாடத்தைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) படமாக அனுப்பினால் அளவும் சுருங்கும், ஷட்டர், ஐ.எஸ்.ஓ. விவரமும் அழிந்துவிடும். 'ஆவணம்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். விவரம் இல்லாத படத்தை வைத்து ஏன் அசங்கியது என்று விளக்க முடியாது.

ஆயர் ஈத்தாம், அறிவியலும் ஓவியமும் கற்பிப்பவர்

கேமராவே இல்லாமல் புகைப்படம் கற்பிக்க சயனோடைப்: ரசாயனம் பூசிய தாளில் பொருளை வைத்து வெயிலில் காட்டி நீலத்தில் பதிக்கும் முறை. 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்தது. அடுத்த ஆண்டே ஆனா அட்கின்ஸ் கடற்பாசிகளை இதில் பதிக்கத் தொடங்கினார். அந்தத் தாள்களை நியூயார்க் பொது நூலகம் தன் மின்தொகுப்பில் வைத்திருக்கிறது. வேலை தொடங்குமுன் பிள்ளைகளுக்குக் காட்ட அதைவிட நல்ல படம் இல்லை.

கரைசல் ஒன்று: பச்சை ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் 25 கிராம், 100 மில்லி தண்ணீரில். கரைசல் இரண்டு: பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம், 100 மில்லியில். தனித்தனிப் பழுப்புப் புட்டியில் வையுங்கள், பூசுவதற்குமுன் சம அளவு கலக்குங்கள். ஏ5 தாளுக்கு 1 முதல் 1.5 மில்லி போதும். இரும்புப் பட்டி போட்ட தூரிகை வேண்டாம், நீலப் புள்ளி விழும். கையுறை கட்டாயம். ஃபெரிசயனைடு பக்கத்தில் அமிலம் எதுவும் இருக்கக்கூடாது. கலப்பதை ஆசிரியர் மட்டும் செய்ய வேண்டும்.

இங்கே கெடுவது பெரும்பாலும் ஈரத்தால்தான். 'இருட்டில் இரவு முழுக்கக் காயவிடுங்கள்' என்று வெளிநாட்டுப் பாடங்கள் சொல்லும். நம் ஊரில் அப்படி விட்டால் தாள் காயாமல் ஈரத்திலேயே கிடந்து, வெயில் படுமுன்பே பச்சைநீலமாகத் திரும்பிவிடும். வெள்ளை இடங்கள் வெள்ளையாக வராது. இருட்டறையில் மின்விசிறி போட்டு அரை மணியில் காயவைத்து, காற்றுப் புகாத கறுப்புப் பையில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு, மறுநாளுக்குள் பயன்படுத்திவிடுங்கள். நல்ல தாள் மஞ்சள்பச்சையாக இருக்கும்.

இரண்டாவது, இலை. அப்போதுதான் பறித்த இலையை வைத்துக் கண்ணாடியால் மூடி வெயிலில் வைத்தால் இலையின் தண்ணீர் ஆவியாகிக் கண்ணாடியில் படியும், ஓரம் கலங்கும். முந்தின நாளே நாளிதழுக்குள் அழுத்தி வையுங்கள். வேப்பிலை, கறிவேப்பிலை, பெரணி மூன்றும் கூர்மையாக விழும். மூடுவதற்குச் சாதாரணக் கண்ணாடிதான் வேண்டும். சில அக்ரிலிக் தகடுகள் புறஊதாவைத் தடுக்கும், பிறகு எவ்வளவு நேரம் வைத்தாலும் வெளுப்பாகத்தான் வரும்.

நேரத்தை இணையத்திலிருந்து எடுக்காதீர்கள். ஒரு துண்டுத் தாளை அட்டையால் மூடி 2 நிமிடத்துக்கு ஒரு விரல் அகலம் திறந்து சோதியுங்கள். நம் மதிய வெயிலில் 5 முதல் 8 நிமிடம், மேகம் மூடினால் 20 வரை போகலாம். கடிகாரத்தைவிட நிறத்தை நம்புங்கள்: வெயில் பட்ட இடம் நீலத்தைத் தாண்டிச் சாம்பல் கலந்த வெண்கல நிறத்துக்கு வந்தால் எடுக்கலாம். பிறகு மஞ்சள் முழுவதும் போகும்வரை ஓடும் தண்ணீரில் கழுவுங்கள், 5 முதல் 10 நிமிடம். சோப்புத்தூள் பட்ட தொட்டி கூடாது. காரம் அந்த நீலத்தை அழித்துவிடும்.

செராஸ், கலை வரலாறு

பாடம் நடத்த ஸ்மார்ட்ஹிஸ்டரி தளம். பெத் ஹாரிஸும் ஸ்டீவன் ஸக்கரும் 2005இல் தொடங்கியது. பெரும்பாலானவை சில நிமிடக் காணொலிகள். இரண்டு பேர் படைப்பின் முன்னால் நின்று உரையாடுவார்கள். அதை அப்படியே ஓடவிட்டால் வகுப்பு தூங்கிவிடும். முதலில் படத்தை மட்டும் காட்டி ஒன்றரை நிமிடம் யாரும் பேசாமல் பார்க்க வேண்டும். பெயரோ ஆண்டோ சொல்லக்கூடாது, சொன்னால் பார்ப்பது நின்றுவிடும். பிறகு ‘என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? வேறென்ன தெரிகிறது?’ என்று கேளுங்கள். இரண்டாவது கேள்வியை விடவே விடாதீர்கள். அதன் பிறகு காணொலி.

நம் பிள்ளைகளுக்கு மெட்டில் இருக்கும் 10ஆம் நூற்றாண்டுப் பார்வதி செம்புப் படிமத்தைக் காட்டுங்கள். உயரம் 69.5 செ.மீ. அருங்காட்சியகப் படத்தில் பட்டு இல்லை, மாலை இல்லை, சந்தனம் இல்லை. கோயிலில் பார்த்துப் பழகியவர்கள் ‘இது யார்?’ என்று தயங்குவார்கள். அந்தத் தயக்கமே பாடம். அடுத்து வேறு சோழர் படிமங்களின் பீடத்தைப் பெரிதாக்கிக் காட்டுங்கள். பலவற்றில் கழி செருகும் துளையோ வளையமோ இருக்கும். இது ஏன் என்று கேட்டால், தைப்பூசத்தில் ரதம் பார்த்த பிள்ளை ஒரு நொடியில் சொல்லிவிடும், ஊர்வலத்துக்கு என்று.

ஜார்ஜ்டவுன், மரபுரிமை வழிகாட்டி

பினாங்குக்காரர்களுக்கு ஒன்று. கேப்டன் ராபர்ட் ஸ்மித் வரைந்ததை வைத்து வில்லியம் டேனியல் 1821இல் வெளியிட்ட பினாங்குக் காட்சிகளைத் தேடுங்கள். அதில் சஃபோல்க் ஹவுஸ் இருக்கிறது, அந்தக் கட்டடம் இன்றும் ஆயர் ஈத்தாம் சாலைப் பக்கம் நிற்கிறது. அச்சை எடுத்துக்கொண்டு போய் ஓவியர் நின்ற கோணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இது புகைப்படம் மாதிரி உண்மை என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள், அங்கே திருத்த வேண்டும். ஒரு பக்கம் சட்டம் போட்டதுபோல் நிற்கும் மரம், அளவு காட்ட முன்னால் வைத்த சின்ன உருவங்கள், எல்லாம் அன்றைய ஆங்கிலேய ரசனையின் வழக்கம். தோட்டத்தில் உழைத்தவர்களை எவ்வளவு சிறிதாக, எங்கே வைத்திருக்கிறார் என்று கேளுங்கள்.

ஆர்மேனியன் தெருச் சைக்கிள் சுவரோவியம் 2012இல் எர்னெஸ்ட் ஸகாரெவிச் வரைந்தது. அவர் வாழும் ஓவியர், காப்புரிமை அவருடையது. வகுப்பில் பேசலாம், பெயர் சொல்லுங்கள். அனுமதி இல்லாமல் பள்ளி விழாவுக்குச் சட்டையில் அச்சடித்து விற்பது தவறு. மலேசியச் சட்டப்படி பொதுவாக ஓவியர் இறந்து 50 ஆண்டு வரை உரிமை உண்டு. பினாங்கின் யோங் முன் சென் 1962இல் இறந்தவர், அவர் வாழ்ந்தபோதே வெளியான நீர்வண்ணங்களை 2013 முதல் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

செந்தூல், தமிழ்ப்பள்ளி ஆசிரியை

எல்லாருக்கும் நன்றி. பட்டர்வொர்த் அண்ணே, பள்ளிக் கேமராவை அலமாரியிலேயே வைக்கலாமா? லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கிறது.

பட்டர்வொர்த், திருமணப் புகைப்படக்காரர்

அலமாரி வேண்டாம் டீச்சர், தோல் பையும் வேண்டாம். ரப்பர் பட்டி வைத்து இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே ஈரமானி ஒன்று, துணிப்பையில் 200 கிராம் சிலிக்கா ஜெல். முள் 40க்கும் 50க்கும் இடையில் நிற்க வேண்டும். 60ஐத் தாண்டினால் பூஞ்சணம் வளரும். 30க்குக் கீழே போனால் ரப்பர் இறுகும், அப்போது ஜெல்லைக் கொஞ்சம் குறையுங்கள். நிறம் மாறும் வகை வாங்கினால் ஈரம் குடித்தது கண்ணுக்குத் தெரியும். அடுப்பில் 120 டிகிரிக்கு மேல் போகாமல் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடி பயன்படும். மழையில் எடுத்துவிட்டு வந்த கேமராவை அப்படியே பெட்டிக்குள் வைக்காதீர்கள், துடைத்து ஒரு மணி நேரம் மின்விசிறிக்கு அடியில் வைத்துவிட்டுப் போடுங்கள். சயனோடைப் தாளையும் அந்தப் பெட்டியிலேயே வைக்க ஆசை வரும். ரசாயனத் தூள் லென்ஸில் படும், வேறு பெட்டியில் வையுங்கள்.