சீட்டுப் பணத்துல சிக்கி விலகினவர்கிட்ட எப்படிப் பேசறதுங்க?

காங்கேயத்தார்:
ஸ்தோத்திரமுங்க. சீட்டு எடுத்துட்டு மீதித் தவணை கட்டாத ஒருத்தர், கோயில்ல திருவிருந்துக்கு (அப்பமும் ரசமும் வாங்கறதுக்கு) வர்றதையே நிறுத்திட்டார். "ஆண்டவர் என்னை ஏத்துக்கமாட்டாருங்க"ங்கறார். ஒப்புரவாக்குதலின் ஊழியத்தை, அதாவது விலகினவரைத் தேவனோட மறுபடி சேர்த்துவைக்கிற வேலையை, இவர்கிட்ட எங்க தொடங்கறதுங்க?

சோமனூர் உபதேசியார்:
2 கொரிந்தியர் 5:19-ல தொடங்குங்க. பாவங்களை எண்ணாம தேவனே கிறிஸ்துவுக்குள்ள ஒப்புரவாக்கினார்னு இருக்கு. அடுத்த வசனம் நம்மளை ஸ்தானாபதி, அதாவது தூதுவர்ங்குது. ஸ்தானாபதி அனுப்பினவரோட சொல்லைத்தான் சொல்லணும், சொந்த நிபந்தனை சேர்க்கக்கூடாது. "மொதல்ல நாலு வாரம் கோயிலுக்கு வாங்க"ன்னு ஆரம்பிக்கறதுலதான் பாதிப்பேர்கிட்ட காரியம் கெடுது. கோயிலுக்குத் திரும்பறதும் தேவன்கிட்டத் திரும்பறதும் ஒண்ணல்லங்க.

ரெண்டு பேருக்கு மேல போகாதீங்க. சனிக்கிழமை சம்பள நாள், கடன்காரங்க வர்ற நேரம். ஞாயிறு மத்தியானம் போங்க. அவர் பேரைச் சொல்லி ஜெபக்கூட்டத்துல விண்ணப்பம் வெச்சுடாதீங்க. ஊரெல்லாம் பரவிடும், அப்புறம் கதவைத் திறக்கமாட்டார்.

தாராபுரம் அக்கா:
பணத்தையும் விடக்கூடாதுங்க. லேவியராகமம் 6:5 முதலோட அஞ்சுல ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்லுது. 50,000 பாக்கின்னா மேல 10,000. வரி வசூலிக்கிற சகேயு, ஏமாத்தி வாங்கினதை நாலத்தனையா தர்றேன்னான். ஆனா இயேசு "உன் வீட்டுல தங்கணும்"னு சொன்னது அதுக்கு முன்னாடி, லூக்கா 19-ல வரிசையைப் பாருங்க. பணத்தை முன்னால வெச்சா, மன்னிப்பை விலைக்கு வாங்கறாப்புல ஆயிடும். முழுசா முடியாட்டி மாசத் தவணை பேசி, சீட்டுக்காரர்கிட்ட எழுதிக் கொடுக்கட்டும். நீங்க ஜாமீன் நிக்காதீங்க. நின்னா நீங்களும் கடன்காரராயிருவீங்க, அவர் உங்க மொகத்தைப் பார்க்கவும் கூசுவார்.

கருமத்தம்பட்டி பங்கு:
அவர் கத்தோலிக்கரா இருந்தா ஒப்புரவு அருட்சாதனத்துக்கு (பாவசங்கீர்த்தனத்துக்கு) கூட்டிட்டுப் போங்க. அதுல அஞ்சு படிங்க: மனச்சோதனை, மனத்துயர், இனிச் செய்யமாட்டேங்கற உறுதி, பாவ அறிக்கை, பரிகாரம். திருவிழாக் கூட்டத்துல வேண்டாமுங்க, அவசரமாயிடும். வாரநாள்ல பங்குச் சாமியார்கிட்ட நேரம் கேட்டுக்கங்க. வாசலோட நீங்க நின்னுக்கங்க. உள்ள சொன்னதைச் சாமியார் யார்கிட்டயும் சொல்லக்கூடாதுங்கறதை முன்கூட்டியே சொல்லிட்டா, பாதி பயம் போயிரும்.

காங்கேயத்தார்:
நன்றிங்க. கோவிச்சுட்டுப் போகச் சொன்னாருன்னா?

சோமனூர் உபதேசியார்:
எந்திரிச்சு வந்துருங்க, வாதாடாதீங்க. அதே கொரிந்தியர் நிருபத்துல பவுல் "வேண்டிக்கொள்ளுகிறோம்"னுதான் எழுதறார். ஒரு மாசம் கழிச்சு, பணப்பேச்சே எடுக்காம, மறுபடி போங்க.