ஹேவ்லாக்கில் ஐந்து மணி இருட்டும் அரை பாட்டில் பெட்ரோலும்

அந்தமானில் ஹேவ்லாக் தீவுக்குப் போய் வாடகை ஸ்கூட்டர் எடுக்கப் போகிறீர்களா? முதலில் பெட்ரோல் முள்ளைப் பாருங்கள். நான் பார்க்கவில்லை.

2018இல் சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஆனால் நான் பேசிய எல்லோருக்கும் அது இன்னும் ஹேவ்லாக்தான். கப்பலை விட்டு இறங்கியதும் ஜெட்டிக்குப் பக்கத்திலேயே ஒருவர் வண்டி தந்தார். நாளுக்கு 500 ரூபாய், லைசென்ஸ் நகல், ஒரு கையெழுத்து. பிரேக் பிடித்துப் பார்த்தேன், ஹாரன் அடித்தேன், பழைய கீறல்களை எல்லாம் போட்டோ எடுத்தேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு வேறு.

காலையில் காலாபத்தர். கரையில் கிடக்கும் கறுப்புப் பாறைகளால் வந்த பெயர். கடலை ஒட்டியே போகும் சாலை அது. எத்தனை முறை நிறுத்தினேன் என்று கணக்கில்லை.

மதியத்துக்கு மேல் ராதாநகர். ஜெட்டியிலிருந்து தீவைக் குறுக்கே கடந்து மேற்குக் கரைக்குப் போக வேண்டும், ஏறக்குறைய 12 கிலோமீட்டர். பாக்குத் தோப்புகள், வயல்கள், அப்புறம் ஏற்ற இறக்கத்தோடு காடு. வழியில் பங்க்கைப் பார்த்தேன். திரும்பும்போது போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

கடற்கரையைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, போனவர்கள் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் ஏமாந்தது கடிகாரத்தில். அந்தமான் இருப்பது 92, 93 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில். நம் நாட்டு நேரமோ 82.5 டிகிரியை வைத்து. அதனால் அங்கே கடிகாரப்படி சீக்கிரமே இருட்டிவிடும். டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் கடலுக்குள் போய்விட்டது. சரி, இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருக்குமே என்று மணலில் உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது கும்மிருட்டு.

காட்டு ஏற்றத்தில் வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. முள் சிவப்புக்கும் கீழே. தெருவிளக்கு கிடையாது, செல்போன் வெளிச்சத்தில் தள்ளினேன். சில்வண்டுச் சத்தத்தைத் தவிர என் மூச்சிரைப்புதான் கேட்டது. எவ்வளவு தூரமோ, பாக்குக் காய வைத்திருந்த ஒரு வீட்டு முற்றத்தில் விளக்கு தெரிந்தது.

வெளியே வந்தவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். "தாதா, பெட்ரோல்..." என்றேன். (வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன். நம்மூர் அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளாதீர்கள்.) சிரித்துக்கொண்டே தன் பைக்கிலிருந்து ட்யூப் போட்டு உறிஞ்சி, தண்ணீர் பாட்டிலில் பாதி பிடித்துத் தந்தார். அதற்குள் அவர் மனைவி கடுகெண்ணெயும் வெங்காயமும் போட்டுப் பொரி கலந்து கொண்டுவந்துவிட்டார். அந்தக் கடுகெண்ணெய் நெடி மூக்கில் ஏறியது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

என் அரைகுறை இந்திக்குப் புரிந்தவரை, அவருடைய அப்பா 1950களில் கிழக்கு வங்கத்திலிருந்து அகதியாகக் கப்பலில் வந்தவர். அரசாங்கம் நிலம் என்று கொடுத்தது காட்டைத்தானாம். வெட்டித் திருத்தித்தான் வயலாக்கினார்களாம். "அப்போது இங்கே ரோடே இல்லை, நீங்கள் ரோட்டில்தானே தள்ளினீர்கள்" என்றார். பெட்ரோலுக்குக் காசு வாங்கிக்கொண்டார், பொரிக்கு வாங்கவில்லை.

மறுநாள் காலை வண்டியைத் திருப்பிக் கொடுத்தேன். சாவியை வாங்கியவர் கீறலைப் பார்க்கவில்லை, டயரைப் பார்க்கவில்லை. நேராக முள்ளைத்தான் பார்த்தார்.